உப்பு ஏரி பார்க்க வேதாரண்யம் போகிறவர்களுக்கு

உப்பு ஏரி என்றால் பலருக்கும் ராஜஸ்தானின் சாம்பர் ஏரிதான் நினைவுக்கு வரும், இல்லாவிட்டால் சாக்கடல். காவிரிக் கடைமடையிலேயே அப்படி ஓர் இடம் இருப்பது தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து ஆட்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. கோடியக்கரையிலிருந்து மேற்கே முத்துப்பேட்டை வரை, பாக் நீரிணையை ஒட்டி ஏறக்குறைய 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு ஒன்று கிடக்கிறது. வேதாரண்யம் சதுப்பு என்று அதைச் சொல்வார்கள். தெற்கே கடல், இடையில் ஒரு மணல்திட்டு, வடக்கே உப்பளமும் ஊரும் வயலும்.

போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் இரண்டு விதமான பதில் வரும். "கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி, அவ்வளவு பறவை" என்பார் ஒருவர். "என்னங்க இருக்கு அங்க, வெறும் பொட்டல், வெடிச்ச சேறு" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். முதலாமவர் மார்கழியில் போயிருப்பார், மற்றவர் வைகாசியில். ஒரே இடம் இப்படி ஆளே மாறிப்போவது ஏன் என்று புரிந்துவிட்டால், எந்த மாதம் கிளம்புவது, எதை எதிர்பார்ப்பது என்பதெல்லாம் தன்னால் விளங்கிவிடும்.

தண்ணீர் போகும், உப்பு தங்கும்

ஆற்றுத் தண்ணீரிலும் உப்பு உண்டு. பாறையிலும் மண்ணிலும் கரைந்து வருவதுதான், நாக்குக்குத் தெரியாத அளவு. அந்த ஆறு கடலில் போய்ச் சேர்ந்தால் ஒன்றும் ஆகாது. வெளியேற வழியில்லாத பள்ளத்தில் போய் விழுந்தால்தான் சிக்கல். அங்கே தண்ணீருக்கு ஒரே வாசல் வெயில். நீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு அங்கேயே கிடக்கும். அடுத்த மழை இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவரும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்தால் உப்பு ஏரி. சாம்பர் ஏரி உண்டானது இந்த வழியில்தான், சாக்கடலும் அப்படித்தான். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சாக்கடலில் கிட்டத்தட்ட அதைப் போலப் பத்து மடங்கு.

வேதாரண்யத்தின் கணக்கு வேறு. இங்கே உப்பைக் கொண்டுவருவது ஆறு இல்லை, கடல். மணல்திட்டில் அங்கங்கே உடைப்புகள் உண்டு. கடல் ஏறும்போதும் காற்று நிலத்தைப் பார்த்துத் தள்ளும்போதும் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து பரவிவிடும். பாக் நீரிணையில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது என்பதால் காற்றுக்கும் இதில் நல்ல பங்குண்டு. காலையில் சேறாகத் தெரிந்த இடத்தில் காற்றுத் திரும்பினால் தண்ணீர் நிற்கும். முழங்கால் அளவுக்கு மேல் ஆழமுள்ள இடங்கள் குறைவு. பெரிய தாம்பாளத்தில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்த தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள்: அகலம் நிறைய, ஆழம் கம்மி, மறைப்பு எதுவும் கிடையாது. அதே தண்ணீர் கிணற்றில் இருந்திருந்தால் வெயிலால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல் நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 300 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் என்றால் பத்தரை கிலோ உப்பு. ஒரு சதுர மீட்டரில்! தண்ணீர் முழுக்கக் காய்ந்தால் அத்தனையும் தரையில்தான் கிடக்கும். நாம் சமையலுக்குப் போடும் சோடியம் குளோரைடு இதில் நாலில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேலே. மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் வகையறா.

எதிர்ப்பக்கத்தில் மழை. டெல்டாவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, ஐப்பசியும் கார்த்திகையும். வானத்திலிருந்து நேராக விழுவது போக, வயல்களில் தேங்கியது எல்லாம் வடிகால்கள் வழியே தெற்கே இறங்கிக் கடைசியில் இந்தச் சதுப்பிலும் முத்துப்பேட்டைக் கழியிலும் வந்து சேரும். அப்போது உப்பின் காரம் சட்டென்று இறங்கிவிடும், சில இடங்களில் கடல் நீரைவிடவும் கீழே. தை பிறந்து மழை நின்றதும் வரவு குறைந்து செலவு ஏறும். பங்குனி, சித்திரையில் வெயில், ஆனி ஆடியில் வறண்ட மேல்காற்று. நீர்ப்பரப்பு விளிம்பிலிருந்து சுருங்கிக்கொண்டே போகும். சுருங்கிய இடத்தில் முதலில் பளபளக்கும் சேறு, அப்புறம் வெடித்த மண், அதன்மேல் வெள்ளைப் பூச்சாக உப்பு.

ஆகவே நீங்கள் பார்க்கப் போவது எந்த மாதத்துக் கணக்கு என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பறவையும் தண்ணீரும் வேண்டுமென்றால் மார்கழி, தை, மாசி. உப்பு விளைவதைப் பார்க்க வேண்டுமென்றால் பங்குனி முதல் ஆனி வரை. இரண்டையும் ஒரே நடையில் ஓரளவு பார்த்துவிட நினைப்பவர்களுக்கு மாசிக் கடைசியைச் சொல்வேன்.

எந்த உப்பு முதலில் இறங்கும்

கடல் நீரைக் காயவைத்தால் எல்லா உப்பும் ஒன்றாகப் படியாது. இதற்கு ஒரு வரிசை இருக்கிறது. சதுப்பில் நடப்பதையும் அளத்தில் நடப்பதையும் புரிந்துகொள்ள இந்த வரிசை தெரிந்தால் போதும்.

முதலில் இறங்குவது சுண்ணாம்பு. தண்ணீர் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும் சமயத்தில் ஜிப்சம் படியத் தொடங்கும். சாப்பாட்டு உப்பு அவ்வளவு சீக்கிரம் மசியாது; தண்ணீர் பத்தில் ஒரு பங்காகும் வரை கரைசலிலேயே இருக்கும். நம் கணக்கில் 30 சென்டிமீட்டர் தண்ணீர் 3 சென்டிமீட்டராக வற்றிய பிறகுதான் உப்பு மணி கண்ணுக்குத் தெரியும். அதையும் தாண்டிக் காயவிட்டால் மெக்னீசிய உப்புகள் கலந்துவிடும், கசக்கும். அதனால் நல்ல உப்பு இறங்கியதும் மிஞ்சிய கசப்புத் தண்ணீரை அளத்துக்காரர்கள் வெளியே விட்டுவிடுவார்கள்.

உப்பளம் என்பது இந்த வரிசையை வரப்புப் போட்டுப் பிரித்து வைத்த இடம். பெரிய பாத்தியில் கடல் நீரையோ நிலத்தடி உவர் நீரையோ ஏற்றி, காயக் காய அடுத்த பாத்திக்கு நகர்த்தி, கடைசிப் பாத்தியில் உப்பு எடுப்பார்கள். தண்ணீரின் அடர்த்தியை ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதில் போமே என்கிற அளவு இருக்கும். அளத்தில் 'டிகிரி' என்றாலே போதும். கடல் நீர் மூன்று மூன்றரை டிகிரியில் இருக்கும். 25 டிகிரியைத் தொட்டால் உப்பு இறங்கும்.

கடைசிப் பாத்தியின் ஓரமாகக் கொஞ்சம் குந்தி உட்கார்ந்து பார்க்கச் சொல்வேன், காற்று ஓய்ந்த நேரமாக இருந்தால் நல்லது. உப்பு அடியில் மட்டும் பிறப்பதில்லை. நீரின் மேல்மட்டத்திலேயே பொடிப்பொடிச் சதுரத் தகடுகள் மிதக்கும். ஒன்றை விரல் நுனியில் ஏந்திப் பார்த்தால் நடுவில் குழி, நான்கு பக்கமும் படிப்படியாக ஏறும் சுவர். மணி கனக்கக் கனக்கச் சற்றே அமிழும். தண்ணீர் தொடும் விளிம்பில் மட்டும் மேலே வளரும். அதனால்தான் அந்தக் கவிழ்த்த கோபுர வடிவம். கனம் தாங்காமல் போனதும் சரிந்து அடிக்குப் போய்விடும். லேசாகக் காற்றடித்தாலே கலைந்துவிடும் என்பதால் எல்லா நாளும் இது கிடைக்காது.

கிடைக்காமல் போக இன்னொரு காரணம் கோடை மழை. வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளி அளத்தில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், வானம் மூட்டமாக இருக்கிறதே என்று பேச்சுக்கொடுத்தேன். "ஒரு மழை பெஞ்சா போதும் தம்பி, பத்து நாள் பாடு தண்ணியாப் போயிடும்" என்றார், பலகையை நிறுத்தாமல். ஊரெல்லாம் மழைக்கு ஏங்குகிற மாதத்தில் வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அளத்துக்காரர்கள்தான். வெயிலின் கூசலும் காலில் உப்பறுத்த புண்ணும் அந்த வேலையோடு சேர்ந்தே வரும்.

அளம் எதுவும் கட்டாமலே சதுப்பின் ஓரங்களில் உப்பு தானாக விளையும் என்று சொன்னேன் அல்லவா, வெள்ளைக்காரன் காலத்தில் அதைக்கூடக் கையால் அள்ளக் கூடாது. உப்பு அரசின் தனியுரிமை, வரி கட்டாமல் எடுத்தால் குற்றம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, மாதக் கடைசியில் வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளிக் கைதானது இதற்காகத்தான். உள்ளூரில் ஏற்பாடுகளைத் தாங்கியவர் வேதரத்தினம் பிள்ளை. நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் உத்தரவு போட்டிருந்தார். சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டதாகச் சொல்வார்கள். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. பலர் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அந்த உப்பு எப்படி விளைகிறது என்று பக்கத்துப் பாத்தியை எட்டிப் பார்க்காமல் போவது எனக்கு வருத்தம்தான்.

சிவப்புத் தண்ணீர், கறுப்புச் சேறு

காரம் ஏறிய பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாகவோ செங்கல் நிறத்திலோ நிற்பதைப் பார்க்கலாம். சாயக்கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற உயிர்கள் பிழைக்க முடியாத உப்பில் செழிக்கிற நுண்ணுயிர்கள் சில உண்டு. துனலியெல்லா என்ற பாசி அதில் ஒன்று. கொளுத்தும் வெயிலிலிருந்து தப்பிக்கக் கேரட்டில் இருக்கிற அதே கரோட்டினை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அந்த நிறத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பாசியைத் தின்று வாழும் உப்புநீர்ப் பூச்சி ஒன்று, ஆர்ட்டீமியா, இறால் இனம், நீளம் ஒரு சென்டிமீட்டர் போல. பூநாரை தின்பது இப்படிப்பட்ட பூச்சியையும் பாசியையும் சேற்றுப் புழுவையும். அதன் இறகில் ஏறும் ரோஸ் நிறம் தீனியிலிருந்து வருவதுதான்; குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும்.

பூநாரை தின்கிற விதத்தைத் தொலைநோக்கி இருந்தால் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி நீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்துச் சல்லடையில் தீனி மட்டும் தங்கிவிடும். ஆழம் அதிகமானால் கால் எட்டாது, தண்ணீர் வற்றினால் தீனி கிடைக்காது. மழை முடிந்து ஆழம் சரியாக வரும் மாதங்களில் அவை இங்கே கூடுவதற்கு இதுவே காரணம். கூடவே வடதுருவப் பக்கமிருந்து வரும் உள்ளான் கூட்டங்கள், ஆலாக்கள், கூழைக்கடா. மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகிறார்கள். பறவையியலாளர் சாலிம் அலிக்கு நெருக்கமான இடம் இது. 2002இல் இந்தச் சதுப்பு, கோடியக்கரைக் காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்துச் சுமார் 385 சதுர கிலோமீட்டர் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதுதான் முதலாவது.

இனி சேறு. வெள்ளைப் பூச்சைக் காலால் கீறினால் கீழே கரி மாதிரிக் கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத அந்தச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் கடல் நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. சாக்கடை எதுவும் இல்லை, ஆரோக்கியமான சதுப்பே இப்படித்தான் நாறும். ஆனால் வேறொரு விஷயத்துக்குப் பயப்பட வேண்டும். மேலே தெரியும் வெள்ளைத் தோல் ஆளைத் தாங்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அடியில் ஈரம் இருந்தால் முழங்கால் வரை இறக்கிவிடும். காலை இழுத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும். மனிதக் காலடியோ வண்டித் தடமோ இல்லாத இடத்தில் இறங்க வேண்டாம். மிதந்துகொண்டு பேப்பர் படிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாக்கடலில் மிதக்க முடிவதற்குக் காரணம் காரமும் ஆழமும் சேர்ந்து கிடைப்பது. இங்கே காரம் உள்ள தண்ணீர் கணுக்கால் அளவு, அதுவும் ஒருவருடைய பிழைப்புப் பாத்தி. மிதக்கும் சங்கதியைப் பார்க்க ஆசையிருந்தால் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீரில் கோழி முட்டையைப் போட்டு, உப்பைக் கரைத்துக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் முட்டை மேலே வரும்.

போவது எப்படி

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு அகலப் பாதையில் ரயில் 2023 ஏப்ரலில் தொடங்கியது. பழைய மீட்டர் பாதைக் காலத்தில் உப்பு ஏற்றிய தடம் இது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பஸ் என்றால் நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்கு வரலாம். அங்கிருந்து கோடியக்கரை போகும் ரோடு அளங்களுக்கு நடுவிலேயே போகிறது. ரோட்டோரம் நின்றாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பாத்திக்குள் இறங்குவதாக இருந்தால் வேலை செய்கிறவர்களைக் கேட்டுக்கொண்டு, வரப்பின் மேலே மட்டும் நடங்கள். வரப்பு இடிந்தால் தண்ணீர் கலந்து அவர்கள் உழைப்பு போகும்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். வெளிமானும் காட்டுக் குதிரையும் புல்வெளியில் மேயும். ராமர் பாதம் என்ற மேட்டில் ஏறினால் சதுப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று பிடிபடும். அங்கே உயரம் என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்கே களத்தில் இருப்பது நல்லது. பத்து மணிக்கு மேல் வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். தொப்பி மட்டும் போதாது, கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். நிழல் என்று எதுவும் கிடையாது. சீமைக் கருவை நிழலை நம்பிப் போகாதீர்கள். குடிதண்ணீரை வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். காலில் வெட்டுக்காயம் இருந்தால் உப்புத் தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். பைக்கில் போனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் செயினையும் சைலன்சரையும் கழுவிவிடுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரை ஏறியது இந்தப் பக்கத்தில்தான். அளங்களில் கடற்சேறு ஏறியது, கோடியக்கரைக் காட்டிலும் முத்துப்பேட்டையிலும் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் காடு மெலிந்து தெரிந்தால் காரணம் அதுதான்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் மேற்குக் கோடியான முத்துப்பேட்டைக்குப் போங்கள். அதே சதுப்புதான், ஆனால் நீதாமங்கலம் பக்கம் வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும் இடம். காரம் குறைவு என்பதால் உப்புப் படிவதற்குப் பதில் அலையாத்தி வளர்கிறது. அந்த மரம் வேரில் உப்பை வடிகட்டும்; மீறி உள்ளே வந்ததை இலை வழியே வெளியே தள்ளும். மழையில்லாத நாளில் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும், சில சமயம் மேலே பொடி உப்பே தெரியும். ஜாம்பவானோடையிலிருந்து படகில்தான் போக வேண்டும், இதற்கும் வனத்துறை அனுமதி தேவை. கழியில் தண்ணீர் நன்றாக வற்றிய கோடையில் படகு தரை தட்டும். மழை முடிந்த கையோடு, மார்கழி தையில் போனால் கழியின் உள்வரைக்கும் கூட்டிப்போவார்கள்.